தரகர் தலையில் ஏற்றிய பாவம்

'தரகர்' என்னும் சொல்லை உச்சரிக்கும்போதே நம்மில் பலருக்கு உதடு சற்றுக் கோணுகிறது. ஒருவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டால், 'ஆசிரியர்', 'வங்கி அலுவலர்', 'கொத்தனார்' என்று நேராகப் பதில் சொல்கிறோம். வீடு, மனைத் தரகரைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால் மட்டும், 'சும்மாதான் இருக்கிறார், ஏதோ புரோக்கர் வேலை பார்க்கிறார்' என்கிறோம். சும்மா இருப்பதும் வேலை பார்ப்பதும் ஒரே வாக்கியத்தில் எவ்வாறு அடங்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 'புரோக்கர்' என்ற சொல்லோ வேறொரு கீழ்மையான பொருளையும் ஏற்றுக்கொண்டு, குழந்தைகள் முன் சொல்லத் தயங்கும் வசையாகவே மாறிவிட்டது.

இந்த ஏளனம் அநீதியானது என்பதே என் வாதம். அநீதியானது மட்டுமன்று, நமக்கு மிகவும் வசதியானதும்கூட. ஏனெனில், நிலத்தையும் வீட்டையும் சார்ந்து நாம் செய்யும் பாவங்களுக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறார். பழைய ஏற்பாட்டில் மக்களின் பாவங்கள் அனைத்தையும் ஒரு வெள்ளாட்டுக் கடாவின் தலையில் சுமத்திப் பாலைவெளிக்கு அனுப்பிய சடங்கை லேவியர் நூல் 16-ஆம் அதிகாரம் விவரிக்கிறது. நம் காலத்தில் அந்தக் கடா இருசக்கர வண்டியில், சட்டைப்பையில் இரண்டு கைப்பேசிகளோடு, அடையாற்றுத் தெருக்களில் அலைந்து கொண்டிருக்கிறது.

ஏன் வருகிறார்கள்?

பேராசையால் இத்தொழிலுக்கு வருகிறார்கள் என்பது பொதுக் கருத்து. அப்படி வருவோர் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு பெரிய விற்பனை கைகூடினால் வாழ்க்கையே மாறிவிடும் என்று நம்பி, படிப்பைப் பாதியில் விட்டு வரும் இளைஞர்கள் உண்டு. ஆனால் அடையாற்றில் இவ்வேலையைச் செய்வோர் பெரும்பாலும் யாவர் என்று சற்றே கணக்கெடுத்துப் பாருங்கள். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி, ஓய்வு பெற்ற எழுத்தர், ஆட்டோ ஓட்டுநர், கணவரை இழந்து, தெரிந்த நான்கு குடும்பங்களின் துணையோடு பிழைக்கும் பெண். எந்த வீடு அடுத்த மாதம் காலியாகிறது என்பது, வெளிநாட்டில் வாழும் உரிமையாளரின் மகனுக்குத் தெரியும் முன்பே இஸ்திரிக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தச் செய்தியே அவருடைய முதலீடு.

வேறு முதலீடு கேட்காத தொழில் இது. பட்டம் கேட்பதில்லை, வயது வரம்பு பார்ப்பதில்லை, பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. 2000-2001-ஆம் ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது ஆயிரக்கணக்கானோர் ஓய்வு வயதுக்கு முன்பே வீடு திரும்பினர். 2014-இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. 2022-இல் மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியது. நாற்பத்தைந்து வயதில் வேலையிழந்த குடும்பத் தலைவருக்கு எந்த அலுவலகம் கதவைத் திறக்கிறது? திறந்திருக்கும் சில கதவுகளுள் காப்பீட்டு முகவர் வேலை ஒன்று, வீட்டுத் தரகு மற்றொன்று. பேராசை என்று நாம் பெயரிடுவது பல வேளைகளில் வேறு வழியின்மையே.

அதற்கேற்ற மண்ணாகவும் அடையாறு அமைந்துவிட்டது. 1882-இல் பிரம்மஞான சபை இங்கு வந்து குடியேறிய காலத்தில் இது தோப்பும் ஆற்றுமணலுமாக இருந்த ஊர். 1961-இல் உருவான வீட்டுவசதி வாரியம் சாஸ்திரி நகர், பெசன்ட் நகர், இந்திரா நகர் பகுதிகளில் மனைகளும் வீடுகளும் அமைத்து நடுத்தரக் குடும்பங்களுக்கு ஒதுக்கியது. அன்று ஒதுக்கீடு பெற்ற அரசு ஊழியர்களின் பிள்ளைகள் பலர் இன்று அயல்நாடுகளில் இருக்கிறார்கள். தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாகின்றன. மறுபுறம், 1954-இல் தொடங்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனைக்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். நோயாளியை உள்ளே சேர்த்துவிட்டு, சமைத்துக்கொள்ள ஓர் அறை கிடைக்குமா என்று தெருவில் நின்று கேட்கும் உறவினருக்கு மொழி தெரியாது, தெரு தெரியாது, கணினியில் தேடவும் தெரியாது. அவருக்கு மாலைக்குள் ஓர் இடம் தேடித் தருபவர், நாம் 'சும்மா இருக்கிறார்' என்று சொல்லும் அந்த மனிதர்தான்.

உழைக்காமல் உண்பவரா?

'இரண்டு பேரை அறிமுகம் செய்து வைத்ததற்கு ஒரு மாத வாடகையா?' இது நம் இல்லங்களில் அடிக்கடி எழும் முணுமுணுப்பு. வாடகை வீட்டுக்கு ஒரு மாத வாடகை அல்லது அதில் பாதி, விற்பனைக்கு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ என்பது இங்குள்ள வழக்கம். அத்தொகை கூடுதலா, குறைவா என்று விவாதிக்கலாம். ஆனால் அது எதற்கான ஊதியம் என்பதை முதலில் அறிய வேண்டும். ஒரு குடும்பத்துக்கு இருபது வீடுகளைக் காட்டி, இருபத்தோராவது வீட்டில் அவர்கள் முன்பணம் கொடுத்தால்தான் அவருக்குக் கூலி. அவர்கள் மனம் மாறி வேளச்சேரிக்குப் போய்விட்டால், வெயிலில் அலைந்த பத்து நாளும் எரித்த பெட்ரோலும் அவருடைய நட்டம். மாதச் சம்பளமோ வைப்பு நிதியோ அவருக்கு இல்லை. நோயில் படுத்தால் அன்றைய வருவாயும் படுத்துவிடும்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. தரகர் வீட்டைக் காட்டிய மறுநாள், வாங்குபவரும் விற்பவரும் அவருக்குத் தெரியாமல் தொலைபேசியில் பேசி, 'அவரை விட்டுவிடுவோம், அந்தத் தொகையை நாம் பாதிப் பாதி குறைத்துக்கொள்வோம்' என்று முடிவு செய்கிறார்கள். இப்படிச் செய்தவர்கள் அதைச் சாமர்த்தியமாக எண்ணி விருந்து மேசையில் சொல்லிச் சிரிப்பதையும் கேட்கிறோம். பிடித்து வைக்கப்பட்ட கூலி கடவுளின் செவிக்கு எட்டும்படி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார். வயலில் அறுத்தவரின் கூலிக்கு மட்டுமே அந்த எச்சரிக்கை பொருந்தும் என்று யார் நமக்குச் சொன்னது?

இடைநின்று பேசுதல் இழிந்த செயல் என்று விவிலியம் எங்கும் கற்பிக்கவில்லை. விவிலியம் விரிவாக விவரிக்கும் முதல் நிலக் கிரயம் தொடக்கநூல் 23-ஆம் அதிகாரத்தில் உள்ளது. சாராவை அடக்கம் செய்ய மக்பேலா குகை வேண்டும். அந்நியராகிய ஆபிரகாம் உரிமையாளர் எப்ரோனிடம் நேரே பேரம் பேசத் தொடங்கவில்லை. தமக்காக அவரிடம் பரிந்து பேசுமாறு அவ்வூர்ப் பெரியோரை வேண்டுகிறார். பின்னர் ஊர் வாயிலில், எல்லாருடைய காதும் கேட்க, நானூறு வெள்ளி செக்கேல் நிறுத்துக் கொடுக்கிறார். ஊருக்குப் புதியவருக்கும் ஊர் நிலத்துக்கும் இடையே ஒரு நம்பிக்கைப் பாலம் வேண்டியிருந்தது. அடையாற்றுக்குப் புதிதாக வருபவருக்கும் அதுவே வேண்டியிருக்கிறது.

வணிகத்தின் மீது ஐயம் மிகுந்திருந்த இடைக்காலத்தில்கூட, புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இதை நிதானமாக ஆராய்ந்தார். செல்வத்தின் மீது செல்வம் குவிப்பதே நோக்கமானால் வணிகம் பழிக்கத்தக்கது. தன் குடும்பத்தைக் காக்கவோ, எளியோருக்கு உதவவோ, பொதுத் தேவையை நிறைவேற்றவோ ஒருவன் ஈடுபட்டு, இலாபத்தைத் தன் உழைப்பின் ஊதியமாகப் பெற்றால் அதில் குற்றமில்லை என்பது அவர் முடிவு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உழைப்பின் மாண்புக்கு அடிப்படை செய்யப்படும் வேலையின் வகை அன்று, அதைச் செய்பவர் மனிதர் என்பதே என்று போதித்தார். தச்சருக்கும் மருத்துவருக்கும் பொருந்தும் இந்தப் போதனை தரகருக்குப் பொருந்தாது என்று விலக்கு எழுதி வைத்தவர் நாமே.

பொய்யரா?

'சரி, உழைக்கிறார். ஆனால் பொய் சொல்கிறாரே' என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதை நான் மறுக்கவில்லை. நிலத்தடி நீர் உப்பென்று தெரிந்தும் 'நல்ல தண்ணீர்' என்று சொல்வோர் உண்டு. தாய்ப் பத்திரத்தில் குழப்பம் இருப்பதை அறிந்தும் வாய் திறவாதோர் உண்டு. இது திருட்டே. தான் அறிந்த மறைவான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று அக்குவினாஸ் அன்றே எழுதினார். விற்பவர் சார்பில் பேசுபவருக்கும் அந்தக் கடமை உண்டு.

ஆயினும், இந்தப் பொய் தரகரோடு பிறந்ததா? ரோமானிய அறிஞர் சிசெரோ கி.மு. 44-இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். கானியுஸ் என்ற ரோமர் சிராக்குசா நகரில் கடலோரத் தோட்டம் ஒன்று வாங்க விரும்பினார். பித்தியுஸ் என்ற வட்டிக்கடைக்காரர் தம் தோட்டத்தில் அவருக்கு விருந்து வைத்தார். அன்று தோட்டத்தின் எதிரே எண்ணற்ற மீன்பிடி படகுகள். மீனவர்கள் வந்து மீன்களைக் காலடியில் கொட்டினார்கள். இவ்வூர் மீன் முழுதும் இங்கேதான் கிடைக்கிறது என்றார் பித்தியுஸ். மயங்கிய கானியுஸ் கேட்ட விலைக்கு வாங்கினார். மறுநாள் ஒரு படகையும் காணவில்லை. மீனவர்களுக்கு இன்று விடுமுறையா என்று அண்டை வீட்டாரைக் கேட்டபோது, இங்கு எவரும் மீன் பிடிப்பதே இல்லை, நேற்று நடந்ததுதான் எங்களுக்கு வியப்பாக இருந்தது என்றார் அவர். வாங்க வருபவர் பார்க்கும் நாளில் மட்டும் லாரித் தண்ணீரால் தொட்டியை நிரப்பி வைக்கும் வீட்டுக்காரர் எவராயினும், அவர் பித்தியுஸின் வாரிசே. கவனியுங்கள்: இந்தப் பழங்கதையில் தரகர் என்று ஒருவரும் இல்லை. ஏமாற்றியவர் உரிமையாளர்.

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு நகரை மூழ்கடித்தபோது, ஏரியிலும் ஓடையிலும் மனை விற்றவர்கள் மீது நம் சினம் பாய்ந்தது. நியாயமான சினம்தான். ஆனால் அந்த மனைப்பிரிவைப் போட்டவர் யார், கண்ணை மூடிக்கொண்ட அலுவலர் யார், விலை மலிவு என்பதற்காக எதையும் விசாரிக்காமல் ஓடிப்போய் வாங்கியவர் யார்? அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்த பிறகுதான், எவ்வளவு காலம் எத்தனை கைகள் சேர்ந்து அந்த வணிகத்தை நடத்தின என்பது நமக்கு உறைத்தது. தியாகராய நகரே 1920-களில் பெரிய ஏரி ஒன்றை வற்றவைத்து, அரசு வகுத்த திட்டப்படி எழுந்த குடியிருப்பு அன்றோ? ஏரியை மனையாக்கும் பாடத்தை நகருக்குக் கற்பித்தவர் தெருமுனைத் தரகர் அல்லர்.

சட்டம் இப்போது ஓரளவு விழித்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவுக்குரிய திட்டங்களில் வீடோ மனையோ விற்றுத் தரும் முகவர் தம்மைப் பதிவு செய்ய வேண்டும். கணக்குகளைப் பேண வேண்டும். பொய்யான விவரம் தரக்கூடாது. பதிவின்றித் தொழில் செய்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் தண்டம். அது விற்பனை மதிப்பில் நூற்றுக்கு ஐந்து வரை உயரலாம். நல்ல சட்டம். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டுக்கு மேற்பட்ட குடியிருப்புகள் கொண்ட புதிய திட்டங்களையே அது முதன்மையாகக் குறிவைக்கிறது. பழைய வீட்டு விற்பனையும் வாடகையும் அதன் வலைக்கு வெளியே நிற்கின்றன. அங்கே காவல் நிற்க வேண்டியது மனச்சான்று. தரகரின் மனச்சான்று மட்டுமன்று.

நம் சொற்கள், அவர் வாய்

இப்போது நம் பக்கம் வருவோம். 'சைவ உணவு உண்பவர்களுக்கு மட்டும்' என்ற அறிவிப்பைக் கண்டு நாம் புண்படுகிறோம். நம் பெயரைக் கேட்டதும் 'வீடு முடிந்துவிட்டது' என்று பதில் வரும்போது கண் கலங்குகிறோம். உண்மையான காயம் அது. ஆனால் நம்மிடம் வாடகைக்கு விட ஒரு வீடு வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? 'நம்ம ஆளாகப் பாருங்கள்' என்று தரகரின் காதில் சொல்கிறோம். நம் ஆள் என்றால் கத்தோலிக்கர் என்பதோடு அது நிற்பதில்லை. வருபவரிடம் சொந்த ஊர் எது, எந்தப் பங்கு என்று கேட்கச் சொல்கிறோம். ஊர்ப் பெயரைக் கொண்டு சாதியைக் கண்டுபிடிக்கும் கலை நமக்கு நன்றாகவே கைவந்திருக்கிறது. தலித் கிறிஸ்தவக் குடும்பம் என்று தெரிந்ததும், 'வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது' என்று சொல்லும் வேலை தரகருடையது. நம் வாய் தூய்மையாக இருக்கிறது. ஞாயிறன்று அந்த வாயில் நற்கருணை வாங்குகிறோம். இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளும் சாதிப் பாகுபாடு நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆலய வளாகத்தில் அதை ஒழிக்கப் பேசும் நாம், நம் வீட்டு மாடிப் பகுதியில் அதைக் குடி வைத்திருக்கிறோம். மார்கழியில் குடில் கட்டி, இடம் கிடைக்காமல் அலைந்த சூசையப்பருக்கும் மரியாவுக்கும் இரங்குகிறோம். அவர்கள் தரகரோடு நம் வாயிற்படி ஏறினால், முதலில் என்ன கேட்போம்?

அடுத்தது இரட்டை விலை. பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை ஒட்டி ஒரு விலை. கையில் ரொக்கமாக மற்றொரு விலை. முத்திரைத் தீர்வையும் வரியும் மிச்சப்பட வேண்டும் என்பது விற்பவர், வாங்குபவர் இருவரின் விருப்பம். அதைப் பேசி முடித்து, பணப்பையைச் சுமந்து சார் பதிவாளர் அலுவலக வாசலில் காத்திருப்பது தரகரின் வேலை. பின்னர் 'இந்தத் தொழிலே கறுப்புப் பணத் தொழில்' என்று பேசுகிறோம். நிலம் விற்ற விலையில் ஒரு பகுதியை மறைத்துப் பேதுருவின் முன் நின்ற அனனியாவையும் சப்பிராவையும் திருத்தூதர் பணிகள் நூலில் படிக்கிறோம். அந்த நிகழ்ச்சியிலும் தரகர் இல்லை. இருந்தவர்கள் திருச்சபையின் உறுப்பினர்களான ஒரு கணவரும் மனைவியுமே. இதற்கு நேர்மாறாக எரேமியா, எதிரிகள் எருசலேமை முற்றுகையிட்டிருந்த வேளையில், அனத்தோத்தில் இருந்த நிலத்தைப் பதினேழு செக்கேலுக்கு வாங்கியபோது, சாட்சிகள் முன் பணத்தை நிறுத்து, ஆவணம் எழுதி முத்திரையிட்டு, மண்பாண்டத்தில் பாதுகாக்கச் செய்தார். நாடே அழியவிருந்த நாளில் அவரால் நேர்மையான கிரயம் செய்ய முடிந்தது. 'இன்றைய காலத்தில் முழு விலையையும் எழுத முடியுமா, சாமி?' என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை. நிலம் வாங்கி விற்கும் நம் பங்குகளுக்கும் நிறுவனங்களுக்கும் இதே விடைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெற்றோர் உயிரோடிருக்கும்போதே வீட்டை இடித்துக் கட்டிட நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட விரும்பும் பிள்ளைகள், அதை நேரில் கேட்கத் துணியாமல் தரகரை அனுப்புகிறார்கள். 'அப்பா, உங்களுக்கும் வயதாகிவிட்டது' என்ற கனிவான பேச்சு அவர் வழியாக வருகிறது. பெரியவர் கோபித்துக்கொண்டால் கோபம் தரகர் மேல். ஒப்புக்கொண்டால் ஆதாயம் பிள்ளைகளுக்கு. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை விரும்பியவன் ஆகாபு. கடிதம் எழுதியவள் ஈசபேல். பொய்ச் சாட்சி சொன்னவர்கள் வேறு இருவர். ஆனால் எலியா யாரைத் தேடிப் போனார்? விரும்பியவனைத் தேடியே போனார்.

என்ன செய்யலாம்?

தரகுத் தொழில் செய்யும் சகோதரருக்கும் சகோதரிக்கும் முதலில் ஒரு சொல். உங்கள் மேல் சுமத்தப்படும் பாவத்தைச் சுமக்க நீங்களும் சம்மதிக்கிறீர்கள் என்பதை மறவாதீர்கள். சாதி கேட்டு வரச் சொன்னால் 'அதை நான் கேட்க மாட்டேன்' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதனால் ஒரு வாடிக்கையாளர் போகலாம். சக்கேயு இழந்ததைவிட அது குறைவே. ஊரார் பழித்த தொழிலில் இருந்த அவர் வீட்டில்தான் ஆண்டவர் அன்று விருந்தினராகத் தங்கினார். குறையை மறைக்காமல் சொல்லும் தரகரைத் தேடி மக்கள் வருவார்கள் என்பது வணிகத்திலும் பொய்யாகாத உண்மை.

நமக்கோ செய்ய வேண்டியவை பல. தரகுத் தொகையை முதல் நாளிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பேசியதைக் குறைக்காமல், பத்திரம் முடிந்த அன்றே கொடுங்கள். மதமோ சாதியோ கேட்கும் வீட்டு அறிவிப்புகளுக்குப் பங்கின் அறிவிப்புப் பலகையில் இடமில்லை என்று பங்குப் பேரவைகள் முடிவெடுக்கட்டும். வாடகை வீடு உள்ளவர்கள் யாரை மறுத்தோம், ஏன் மறுத்தோம் என்பதை அன்பியக் கூட்டங்களில் மனம் திறந்து பேசட்டும். புதுமனை மந்திரிக்க என்னை அழைக்கும் இல்லங்களில் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி, துண்டு வைத்து மரியாதை செய்வதைக் காண்கிறேன். அந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துத் தந்தவரை அங்கு நான் காண்பது அரிது. அவருக்கும் ஓர் இலை போடுங்கள். தொழிலாளரான புனித சூசையப்பரின் திருவிழாவாகிய மே முதல் நாளில், ஆட்டோ ஓட்டுநரையும் கட்டடத் தொழிலாளரையும் பீடத்தின் முன் அழைத்து ஆசி வழங்கும் பங்குகள், தரகரையும் அந்த வரிசையில் நிறுத்தட்டும்.

நிலம் கடவுளுடையது, நாம் அவரிடத்தில் தங்கியிருக்கும் அந்நியர் என்று லேவியர் நூல் 25-ஆம் அதிகாரம் நினைவூட்டுகிறது. ஒரு கிரவுண்டு மனைக்குப் பட்டா வைத்திருப்பவரும், ஓர் அறைக்கு வாடகை கொடுப்பவரும், அவர்களுக்கு இடம் காட்டி அலைபவரும் அவர் முன் குடியிருப்போரே. குடியிருப்போருள் ஒருவர் மற்றவரைப் பார்த்து உதட்டைக் கோணுவதற்கு எந்த ஆவணமும் உரிமை தரவில்லை.